இருமலே இருமலை வளர்க்கும்: மூச்சுக்குழாய் தளர்ந்த சின்ன நாயோடு சுருவிலில்

யாழ்ப்பாணத் தீவகத்துச் சுருவிலில் நாய் என்றால் பெரும்பாலும் வளவுக்காவல்தான். சோறும் மீன்தலையும் தின்று, பூவரச நிழலில் படுத்து, ராவில் குரைக்கிற ஊர் நாய். அதற்கு இந்த அத்தியாயம் அநேகமாகத் தேவைப்படாது. இங்கே சொல்லப்போவது வீட்டுக்குள் வளரும் இன்னொரு நாயைப் பற்றி. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், தாய் மட்டும் ஊர் வீட்டில். துணைக்கு இருக்கட்டும் என்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிக் கொடுத்துவிட்ட வெள்ளைச் சடை நாய். கதிரையில் ஏறிப் படுக்கும். பிஸ்கற் கேட்டு முன்னங்காலால் தட்டும். ஐந்தாறு வயதில் ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு இரும ஆரம்பிக்கும். தடிமன் என்று நினைப்பீர்கள். மாதம் ஒன்று கழிந்தும் இருமல் நிற்காது.

வறண்ட, கரகரத்த, ஓங்கி ஒலிக்கும் இருமல் அது. மருத்துவ நூல்கள் அதை வாத்தின் கத்தல் என்றே எழுதுகின்றன. இருமி முடிந்ததும் நாய் கழுத்தை நீட்டி ஓங்காளிக்கும், சிலவேளை கொஞ்சம் நுரை துப்பும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு வரும். பொமேரியன், யோர்க்ஷயர் டெரியர், சிவாவா, பூடிலின் சிறிய வகை, மால்டீஸ் போன்ற சிற்றின நாய்களுக்கு, மூச்சுக்குழாய் தளர்வதால் பரவலாக வரும் வருத்தம் இது. கடைகளில் பொமேரியன் என்று விற்கப்படுவதில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற சற்றுப் பெரிய இனம் அல்லது கலப்பு. பெயர் எதுவாக இருந்தாலும் பராமரிப்பு ஒன்றுதான்.

குழாய்க்குள் நடப்பது

நாயின் மூச்சுக்குழாயில் சுமார் 40 குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. அவை முழு வட்டமில்லை. முதுகுப்பக்கம் திறந்திருக்கும், அந்த இடைவெளியை ஒரு மெல்லிய தசைச் சவ்வு மூடியிருக்கும். இந்த வருத்தத்தில் குருத்தெலும்பு தன் விறைப்பை இழக்கிறது. வளையம் தட்டையாகிறது, சவ்வு தொங்கி உள்ளே விழுகிறது, காற்றுப் போகும் வழி ஒடுங்குகிறது.

தோட்டத்தில் நீரிறைக்கும் மோட்டரைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் வளையம் வைத்த விறைப்பான குழாய். தண்ணீரை வெளியே கொண்டுபோகும் குழாயோ சுருட்டி வைக்கக்கூடிய மெல்லிய ரகம். அந்த மெல்லிய குழாயை உறிஞ்சும் பக்கத்தில் பூட்டினால், மோட்டர் ஓடிய உடனே அது சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். நாயின் கழுத்துப் பகுதியில் நடப்பது இதேதான். மூச்சை எவ்வளவு பலமாக உள்ளே இழுக்கிறதோ, அவ்வளவுக்குக் குழாய் சப்பையாகும். நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி இதற்கு மாறு: அது மூச்சை வெளியே விடும்போதும் இருமும்போதும் நசிகிறது. பல நாய்களில் இரண்டு பகுதியும் தளர்ந்திருக்கும்.

சப்பையான குழாயின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று உரசும்போது புண்படுகின்றன. புண்பட்ட சுவர் வீங்கும், சளி சுரக்கும். சளி இருமலைக் கிளப்பும். இருமல் மறுபடி சுவர்களை மோதவிடும். இதை நான் இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம், இனி வரும் அத்தனை அறிவுரையும் இந்தச் சுற்றை எங்கே அறுக்கலாம் என்பதைப் பற்றியது என்பதால்தான். தளர்ந்த குருத்தெலும்பைத் திரும்ப விறைப்பாக்கும் மருந்து கிடையாது. ஆனால் இருமலைக் குறைத்தால் குழாய் மேலும் கெடுவதைத் தள்ளிப்போடலாம். அதற்குரிய வேலையில் பெரும்பகுதி வைத்தியரிடம் இல்லை, உங்கள் குசினியிலும் முற்றத்திலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் போகப் பண்ணைத் தாம்போதியைத் தாண்டவேண்டிய தீவகத்தாருக்கு இது ஒரு வகையில் நல்ல செய்தி.

வேறு எதுவாகவும் இருக்கலாம்

தீவகத்தில் நாய் இருமினால் முதலில் வரும் பேச்சு, “தொண்டையில முள்ளுச் சிக்கிப்போச்சு” என்பது. சிக்கலாம்தான். ஆனால் முள் சிக்கிய நாய் திடீரென்று, சாப்பிட்ட கையோடு அவதிப்படும், வாயைப் பாதத்தால் பிறாண்டும், எச்சில் வடிக்கும், சாப்பாட்டை மறுக்கும். வாரக்கணக்காக இருமிக்கொண்டு, இடையில் நன்றாகச் சாப்பிடும் நாய்க்கு முள் காரணமாக இருப்பது அரிது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், குரலும் மாறிப்போன நாயைப் பார்த்து, எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கைவிடுவது நம் ஊர்ப் பழக்கம். விசர்நாய் நோயின் ஒரு வடிவம் அப்படியேதான் இருக்கும். தடுப்பூசி ஒழுங்காகப் போடாத நாய், அல்லது அண்மையில் தெருநாயோடு கடிபட்ட நாய் என்றால் வாய்க்குள் கை போகக்கூடாது. கடியோ, கீறலோ, காயத்தில் எச்சிலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

மற்றது இதயம். வயது போன சின்ன நாய்களில் இதய வால்வு பழுதாகி, இதயம் பெருத்து, மூச்சுக்கிளையை அழுத்தி இருமலைக் கொண்டுவரும். இரண்டு வருத்தமும் ஒரே நாயில் இருப்பதும் சாதாரணம். வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு எழுந்து விழுவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். ஓரிரு நாள் தொடர்ந்து அதைத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ சந்தேகித்து வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சுக்குழாய் மட்டும் தளர்ந்த நாய் தூக்கத்தில் பொதுவாக அமைதியாகவே மூச்சுவிடும். சந்தோஷம், கோபம், தண்ணீர், கழுத்துப்பட்டி, சூடு ஆகியவைதான் அதற்கு இருமலைக் கிளப்பும். உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் குறைந்த நாயும் இளைக்கும், ஆகவே முரசின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிறியிருந்தால் அது வேறு கதை.

சில நாய்கள் திடீரென்று நின்று, மூக்கால் காற்றைப் படபடவென்று உள்ளே இழுக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். அது மறுதும்மல். அநேகமாகத் தானாக நின்றுவிடும், தீங்கில்லை.

எதுவானாலும் இருமலை உங்கள் கைபேசியில் ஒரு காணொளியாக எடுத்து வையுங்கள். வைத்தியரின் மேசையில் ஏறியதும் எந்த நாயும் இருமாது.

கழுத்துப்பட்டியைக் கழற்றுங்கள்

இதை இன்றைக்கே செய்யலாம், காசும் செலவில்லை. கழுத்தில் பட்டி, சங்கிலி, மணி, நேர்த்திக்குக் கட்டிய நூல், எதுவும் வேண்டாம். நடக்கக் கூட்டிப்போக மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டி வாங்குங்கள். கடையில் ஹார்னஸ் என்று கேட்டால் தருவார்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுநாடா பிடித்து, அந்த அளவைச் சொல்லி வாங்க வேண்டும். பூட்டிய பின் பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். இழுத்துப் பாருங்கள்: விசை தொண்டையில் விழாமல் நெஞ்செலும்பில் விழுகிறதா? குறுக்குவார் தொண்டைக்கு ஏறினால் அந்தப் பட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோசனமில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள், “அம்மா, நாய்க்கு என்ன அனுப்ப?” என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். உடுப்பும் ரிப்பனும் தேவையில்லை.

தூக்கும்போதும் கவனம். கமக்கட்டில் பிடித்துத் தூக்காமல், ஒரு கை நெஞ்சின் கீழும் மற்றக் கை பின்பக்கத்தின் கீழும் கொடுத்துத் தூக்குங்கள்.

புகையும் புழுதியும்

தீவக வீடு ஒன்றில் இந்த நாய்க்கு மிகப் பெரிய எதிரி புகை. நான்கு பக்கத்தாலும் வரும்.

விறகடுப்பு முதலாவது. பனைமட்டையும் தென்னம்பாளையும் வைத்து எரிக்கிற குசினியில் நாயின் மூக்கு புகை மண்டும் உயரத்தில் இல்லை என்று நினைப்போம். ஆனால் கதவு திறக்கும்போது புகை விறாந்தைக்கு வந்துவிடும். மாரியில் நிலைமை இன்னும் மோசம். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து விறகை நனைத்துவிட, ஈரவிறகு இரண்டு மடங்கு புகைக்கும். குளிருக்கு நாயும் அடுப்படியைத்தான் தேடிப் போகும். அந்த மாதங்களில் சமைக்கும் நேரம் முழுவதும் நாய் வேறு அறையில், கதவு சாத்தி இருக்கட்டும். எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்கள், சிக்கனத்துக்காக விறகுக்கு மாறுவதென்றால் நாயின் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நுளம்புத்திரி. இரவு முழுக்கப் பூட்டிய அறைக்குள் நிலமட்டத்தில் புகைந்துகொண்டிருக்கும் ஒன்று, நாய் படுக்கும் உயரத்திலேயே இருக்கிறது. உங்களுக்கும் நல்லதல்ல. வலை போட்டுப் படுங்கள். நாயின் கூட்டுக்கும் ஒரு துண்டு வலை போதும். மூன்றாவது சாம்பிராணி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் விட வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லத் துணியமாட்டேன். சாமியறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, புகை அடங்கிய பிறகு நாயை உள்ளே விட்டால் சரி.

நான்காவது அடுத்த வளவுச் சருகு. பின்னேரம் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து யன்னலைச் சாத்துவதைத் தவிர, அயலட்டையோடு நல்லபடி கதைத்து வைத்துக்கொள்வது பலன் தரும். “அக்கா, கொளுத்தேக்க ஒரு குரல் தாங்கோ, இவனை உள்ள விடுறன்” என்றால் யாரும் மறுப்பதில்லை. வீட்டுக்குள் சிகரெட், சுருட்டு பற்றிச் சொல்லவே தேவையில்லை.

புழுதிக்குக் காலம் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தெற்கு, தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும். தரவை வெளியின் மண்ணை வாரிக்கொண்டு வரும். அந்தப் பக்க யன்னல்களுக்கு ஈரத்துணி அல்லது நெருக்கமான வலை, நாயின் படுக்கை மறுபக்க அறையில். முற்றம் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள். நாயைப் பவுடர் போட்டுக் குளிப்பாட்டும் வேலையும், அதன் பக்கத்தில் மணம் அடிக்கும் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம்.

சூடு தனியாகச் சொல்ல வேண்டியது. நாய்க்கு மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இளைப்பது என்றால் தளர்ந்த குழாய்க்குள் காற்றை வேகவேகமாக இழுத்து விடுவது. ஆகவே வெயிலில் நடக்கவிட்டால், சூட்டைத் தணிக்க எடுக்கும் முயற்சியே வழியை அடைத்துவிடும். சித்திரை, வைகாசியில் நடை என்பது விடியப் புறத்திலும், மண் ஆறிய பிறகு இரவிலும்தான். பகலில் வெறும் சீமெந்து நிலம், ஒரு காற்றாடி, ஆழமில்லாத ஒரு கிண்ணம் தண்ணீர். கிண்ணத்தை நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல்லில் வைத்தால் கழுத்தைக் குனிந்து விழுங்கத் தேவையில்லை. வீட்டுக் கிணறு உவரென்றால் நீங்கள் குடிக்க எடுக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள். சடையை ஒட்ட வழித்துவிடச் சொல்வார்கள். அடிமயிரும் மேல்மயிருமாக இரண்டு அடுக்கு உள்ள நாய்க்கு வழித்த மயிர் ஒழுங்காக முளைக்காமல் போவதுண்டு, வெயிலும் தோலில் சுடும். அடிமயிரைச் சீவி எடுத்தால் போதும்.

எடை

கொழுத்த நாய்க்கு இந்த வருத்தம் இருந்தால், மருந்துக்கு முன்னால் எடை. நெஞ்சைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு இருந்தால் நுரையீரல் விரிய இடமில்லை. நாய் மேலும் பலமாக மூச்சை இழுக்கும். எடை இறங்கினாலே இருமல் பாதியாகும் நாய்கள் உண்டு.

தராசைவிடக் கை நல்ல அளவுகோல். விலாவில் கையைத் தட்டையாக வைத்து மெல்ல வருடுங்கள். அழுத்தாமலே எலும்புகளை எண்ண முடியவேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். சடை நாயில் கண் ஏமாறும், கை ஏமாறாது. பிறகு நிறுத்துக்கொள்ளுங்கள். மனிதர் ஏறும் தராசு இந்தச் சின்ன வித்தியாசங்களைக் காட்டாது. மீன் நிறுக்கும் தொங்கு தராசில் ஒரு கூடையை மாட்டி நாயை இருத்தினால் கிராம் கணக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். கிழமைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இறங்குவது பாதுகாப்பான வேகம். 6 கிலோ நாய் என்றால் 60 முதல் 120 கிராம்.

எங்கே கூடுகிறது என்று பார்ப்போம். 4.5 கிலோவாக இருக்கவேண்டிய ஒரு நாய்க்கு எடை குறைக்கும் காலத்தில் நாளுக்கு ஏறத்தாழ 220 கலோரி போதும். தேநீர்க் கோப்பை நிறையச் சோறு வைத்தால் அதிலேயே ஏறக்குறைய 200 போய்விடும். ஒரு மாரி பிஸ்கற் சுமார் 25. காலைத் தேநீரோடு இரண்டு, பின்னேரம் இரண்டு, விருந்தாளி வந்தால் ஒன்று, நாய் கேட்டதற்கு ஒன்று: நாளுக்கான சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு இப்படியே கணக்கில் வராமல் போய்விட்டது. “அது சோறே தின்னுறதில்லை, எப்பிடிக் கொழுக்குது?” என்று கேட்பவர்களுக்குப் பதில் பிஸ்கற் ரின்னில் இருக்கிறது. தேங்காய்ப் பூவும் அப்படித்தான்.

கொடுக்கக்கூடியவை: முள் எடுத்த அவித்த மீன், பூசணி, கரட், பயற்றங்காய், கொஞ்சமாய்ச் சோறு. உப்பு, தூள், வெங்காயம் போடாமல். கருவாடு வேண்டாம், அதிலுள்ள உப்பு தாகத்தைக் கிளப்பும். அவசரமாகக் குடிக்கும் தண்ணீர் இருமலைக் கிளப்பும். பெட்டியில் வரும் உலர்தீனி கொடுத்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டுக் கொடுங்கள். மொத்தத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் அவதிப்பட்டு விழுங்காது. நீண்ட காலம் வீட்டுச் சாப்பாடு மட்டுமே என்றால் கல்சியமும் விற்றமின்களும் குறையும், அதற்கு வைத்தியரிடம் கேட்டு மாத்திரை சேர்க்க வேண்டும். பிஸ்கற்றுக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய். முதல் மூன்று நாள் முகத்தைத் திருப்பும், பிறகு தின்னும். நாயைவிட வீட்டாரைப் பழக்குவதுதான் கடினம். குறிப்பாகப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நிற்கும் ஆடி, ஆவணியில்.

பாண் வண்டி வரும் நேரம்

பின்னேரம் பாண் விற்கும் ஓட்டோ அந்த இசையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும். பேத்தோவன் எழுதிய ஃபியூர் எலீஸ். இலங்கையில் அது பாண் பாட்டு. முதல் சுரத்திலேயே நாய் படலைக்கு ஓடும், குரைக்கும், குரைப்பு இருமலாக மாறும். மீன்காரரின் கோர்ண், தபால்காரரின் சைக்கிள் மணி, எல்லாம் இதே கதை. ஆகவே நேரம் தெரிந்த சத்தத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள். வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே நாயைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, அந்த நாளின் சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்த இரண்டு மீன்துண்டுகளைத் தரையில் பரப்பிவிடுங்கள். சில கிழமையில் பாட்டுக் கேட்டால் படலைக்கு ஓடாமல் பின்னறைக்கு ஓடும். குரைக்கும் நாயைப் பார்த்துச் சத்தம் போட்டால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் வெளியே போய் வரும்போது நடக்கும் வரவேற்பும் அப்படியே. உள்ளே வந்ததும் தூக்கிக் கொஞ்சாமல், பையை வைத்து, கைகால் கழுவி, அது அடங்கிய பிறகு குனிந்து தடவுங்கள். தைப்பொங்கல் காலைக்குத் தனித் திட்டம் வேண்டும். முற்றத்தில் அடுப்புப் புகை, ஒழுங்கையில் சீனவெடி, இரண்டும் ஒரே நேரத்தில். உள்ளறை, சாத்திய யன்னல், ஓடும் காற்றாடி, கூட இருக்க ஓர் ஆள். சத்தத்துக்கு மிகவும் பயப்படும் நாய் என்றால், அந்த நாளுக்கு மட்டும் கொடுக்க அமைதிப்படுத்தும் மருந்து ஏதும் உண்டா என்று மார்கழியிலேயே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

இருமல் பிடித்துக்கொண்டால்

முதலில் நீங்கள் அமைதியாக இருங்கள். ஓடி வந்து கட்டிப்பிடித்தால் சூடும் பயமும் கூடும். நாயை நின்ற நிலையிலோ நெஞ்சுப்பக்கம் கீழாகப் படுத்த நிலையிலோ விடுங்கள், மல்லாக்கப் போடக்கூடாது. காற்றாடியைத் திருப்புங்கள். நெஞ்சில் மெதுவாகத் தடவுங்கள், தாழ்ந்த குரலில் கதையுங்கள். உடம்பு சுடுகிறதென்றால் காதையும் வயிற்றையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். வாய்க்குள் தண்ணீர், தேன், மல்லித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போகும்.

பெரும்பாலான இருமல் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அடங்காமல், முரசும் நாக்கும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், நாய் சரிந்து விழுந்தால், ஓய்ந்திருக்கும்போதே மூச்சில் சத்தம் கேட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். ஒட்சிசன் கொடுக்கவும் மயக்கி அமைதிப்படுத்தவும் அங்கேதான் முடியும்.

பண்ணை தாண்டும் நாள்

ஊர்காவற்துறையிலும் வேலணையிலும் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் முக்கிய வேலை மாடும் ஆடும் கோழியும். இருந்தாலும் முதலில் அங்கே காட்டுங்கள். தடுப்பூசி, புழு மருந்து, இதயத்தையும் நுரையீரலையும் குழாய் வைத்துக் கேட்பது, ஆரம்ப மருந்து எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தால் நாய்க்கும் அலைச்சல் இல்லை. எக்ஸ்றே தேவை என்றால் யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம் என்று கேட்டு, தொலைபேசியில் நேரம் உறுதி செய்துகொண்டு போங்கள். சிக்கலான நாயைப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு. அது நீண்ட பயணம், ஆகவே நாயின் நிலை தாங்குமா என்று முதலில் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

எக்ஸ்றே பற்றி ஒன்று: குழாய் மூச்சுக்கு மூச்சு வடிவம் மாறுவதால், மூச்சை இழுத்த நிலையில் ஒன்றும் விட்ட நிலையில் ஒன்றும் எடுத்தால்தான் கொஞ்சமாவது தெரியும். படம் நன்றாக இருக்கிறது என்பதால் வருத்தம் இல்லை என்று ஆகாது. ஓடும் படமாகப் பார்க்கும் எக்ஸ்றேயும், குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்ப்பதும் இன்னும் நிச்சயமானவை. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால், முழு அடைப்பு என்று நான்கு படிகளாக இதைப் பிரிப்பார்கள். படியும் இருமலும் எப்போதும் பொருந்துவதில்லை. பெரிய படியில் உள்ள நாய் சுகமாகத் திரிவதும் உண்டு.

விடிய வெள்ளென வெளிக்கிடுங்கள். வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைத் தாம்போதியில் ஏறும்போது வெயில் ஏறியிருக்கக்கூடாது. அந்த நீட்டுக்கு நிழல் கிடையாது. ஓட்டோ என்றால் புழுதி வரும் பக்கத்துக்கு ஈரத்துணி கட்டுங்கள். காற்றோட்டமுள்ள கூட்டில், துணி சுற்றிய ஒரு ஐஸ் தண்ணீர்ப் போத்தலை ஒரு மூலையில் வையுங்கள், சாய வேண்டுமென்றால் நாய் அதில் சாயும்.

மருந்து எதைச் செய்யும்

1994இல் பிரித்தானியச் சிறுவிலங்கு மருத்துவ இதழில் வெளியான, 100 நாய்களைப் பார்த்த ஓர் ஆய்வில், 71 நாய்கள் சத்திரசிகிச்சை இல்லாமல் மருந்தும் பராமரிப்பும் கொண்டே ஒரு வருடத்துக்கு மேல் கட்டுப்பாட்டில் இருந்தன. பழைய ஆய்வுதான், ஆனால் வைத்தியர்கள் இன்றும் முதலில் மருந்தையே நாடுவதற்கு அப்படியான அனுபவமே காரணம்.

இருமலடக்கி மாத்திரைதான் முதன்மை. பலமான வகைகள் அபின் குடும்பத்தைச் சேர்ந்தவை, கட்டுப்பாட்டோடுதான் கிடைக்கும், தூக்கமும் மலச்சிக்கலும் வரும். வீக்கம் கூடிய நாட்களில் பிரெட்னிசொலோன் சில நாட்களுக்குத் தருவார்கள். அது பசியையும் தாகத்தையும் கிளப்பும். எடை குறைத்த உழைப்பெல்லாம் ஒரு மாதத்தில் போய்விடும். ஆகவே சொன்ன நாளுக்கு மேல் தொடரக்கூடாது, நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தியோபிலின் போன்றவை கீழேயுள்ள சிறு மூச்சுக்கிளைகளைத்தான் திறக்கும், தளர்ந்த குழாயை விரிக்காது. கிளைகளிலும் அடைப்பு உள்ள நாய்களுக்கு உதவும். அன்டிபயோட்டிக் தொற்று இருந்தால் மட்டும். குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமின் மாத்திரைகள் இந்தக் குழாயை மீட்டதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

எதுவும் பலிக்காத நாய்களுக்கு, குழாய்க்கு வெளியே பிளாஸ்ரிக் வளையம் தைப்பதும், உள்ளே உலோக வலைக்குழாய் வைப்பதும் உலகில் செய்யப்படுகின்றன. வளையம் கழுத்துப் பகுதிக்குத்தான் பொருந்தும், குரல்நரம்பு பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. வலைக்குழாய் முறியலாம், அதைச் சுற்றிச் சதை வளரலாம், இருமலும் முழுதாக நிற்காது. வெளிநாட்டிலிருந்து யாரும் தொலைபேசியில் இதை முன்மொழிந்தால், பிறகு வரும் பராமரிப்பை ஊரில் யார் செய்வது என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

வீட்டு மருந்துப்பெட்டியைத் தொடாதீர்கள். 3 கிலோ நாய்க்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒன்று என்றால் கிலோவுக்கு 160க்கு மேல். நாயின் ஈரல் 100 அளவிலேயே பழுதாகத் தொடங்கலாம். மனிதருக்கான இருமல் பாணிகள் சிலவற்றில் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும், அது நாயின் இதயத்தைத் துடிக்கவைத்துவிடும். தொய்வுக்காரர் உள்ள வீட்டில் இழுக்கும் பம்பை எட்டாத இடத்தில் வையுங்கள். நாய் கடித்து உடைத்தால் ஒரே நேரத்தில் முழு மருந்தும் உள்ளே போகும். விக்ஸ் பூசினால் நக்கும், அதிலுள்ள கற்பூரம் நஞ்சு.

பல் பிடுங்கவோ கருத்தடை செய்யவோ மயக்க மருந்து கொடுக்கும் நாள் வந்தால், இந்த வருத்தம் இருக்கிறது என்று முந்தின நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள். தொண்டைக்குள் குழாய் விடும் முறையே அதனால் மாறும். இந்த நாயிலிருந்து குட்டி எடுக்கவும் வேண்டாம். இனத்தோடு வரும் பலவீனம் குட்டிகளுக்கும் போகக்கூடும்.

நீங்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது நாயைப் பல நாய்கள் நிற்கும் காப்பகத்தில் விடுவதைவிட, வீட்டிலேயே வைத்து அயலவரைப் பார்க்கச் சொல்வது நல்லது. கூட்டத்தில் தொற்றும் நாய் இருமல், தளர்ந்த குழாயுள்ள நாயைப் படுத்தி எடுத்துவிடும். குசினிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மருந்தின் பெயர், அளவு, நேரம், நாளுக்கு எத்தனை கைப்பிடி சாப்பாடு, நாயின் எடை, வைத்தியரின் இலக்கம், ராவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கம். மேலே பெரிய எழுத்தில்: கழுத்தில் ஒன்றும் கட்ட வேண்டாம், பிஸ்கற் கொடுக்க வேண்டாம்.